மாசி நிலவில் ஒரு கணக்கு
(எண்ணப்பட்டவர்கள் – 6)

சாதாரண வருடம், மாசி மாதம் முடிய இன்னும் நாலைந்து நாள்தான். வளர்பிறைத் தசமியை ஒட்டிய இரவு. ஆங்கிலத் தேதிப்படி 1911 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. மாலை ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை, பெஷாவரிலிருந்து கன்னியாகுமரி வரை, கராச்சியிலிருந்து ரங்கூன் வரை, ஏறத்தாழ 20 லட்சம் பேர் காகிதக் கட்டும் விளக்குமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. ஊர்க் கர்ணம், பள்ளிக்கூட வாத்தியார், கச்சேரிக் குமாஸ்தா, எழுதப் படிக்கத் தெரிந்த கடைக்காரர் என்று கிடைத்தவர்களையெல்லாம் சர்க்கார் இந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்குப் பிடித்துப் போட்டிருந்தது.

அந்த நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மின்விளக்கு இல்லாத கிராமங்களில் நடந்து போக நிலவு வேண்டும். ஜனங்கள் ஊரைவிட்டு வெளியே போயிருக்கக் கூடாது என்பதால் பெரிய திருவிழாவோ கல்யாண முகூர்த்தமோ குறுக்கிடாத நாளாகவும் இருக்க வேண்டும். 1901-இல் மார்ச் 1, 1911-இல் மார்ச் 10, 1921-இல் மார்ச் 18. மூன்றுமே வளர்பிறை நாட்கள்; மூன்றிலும் நள்ளிரவு தாண்டும்வரை வானத்தில் நிலவு இருந்தது.

சென்ற அத்தியாயத்தில் 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் ஹெர்பர்ட் ரிஸ்லியையும் பார்த்தோம். சாதிகளைச் சமூக மதிப்பின்படி மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்ட முயன்ற ரிஸ்லி, கணக்கெடுப்பு ஆணையர் பொறுப்பை இடையிலேயே எட்வர்ட் கெய்ட் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். 1911-இல் இந்தியா முழுமைக்கும் ஆணையர் அதே கெய்ட்தான். 1891-இல் அசாமிலும் 1901-இல் வங்காளத்திலும் கணக்கெடுப்பை நடத்தியவர். அசாம் வரலாறு எழுதியவர். பிற்காலத்தில் பீகார்–ஒரிசாவின் லெப்டினன்ட் கவர்னர் ஆனவர். சென்னை மாகாணத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ஜே. சார்ட்டர்ஸ் மொலோனி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி.

ஒரே இரவில் 31 கோடிப் பேரை எண்ணிவிட முடியாது. அந்த இரவில் நடந்தது கடைசிச் சரிபார்ப்பு மட்டுமே. வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. முதலில் வீடுகளுக்கு எண் போட்டார்கள். முப்பது முதல் ஐம்பது வீடுகள் வரை ஒரு கணக்கெடுப்பாளருக்கு. அப்படிப் பல தொகுதிகளுக்கு ஒரு மேற்பார்வையாளர். அவருக்கு மேலே, பெரும்பாலும் தாசில்தார் அந்தஸ்தில், ஒரு கண்காணிப்பாளர். கணக்குத் தேதிக்குச் சில வாரங்கள் முன்பாகவே கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போய் எல்லா விவரத்தையும் கறுப்பு மையில் எழுதி வைத்துக்கொள்வார். மேற்பார்வையாளர் அதைப் பார்த்துத் திருத்துவார். மார்ச் 10 இரவில் அதே வாசலுக்குத் திரும்பவும் போய், இடையில் செத்துப்போனவர்களையும் ஊருக்குப் போனவர்களையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, புதிதாகப் பிறந்த குழந்தையையும் வந்திருக்கும் விருந்தாளியையும் அதே சிவப்பு மையால் சேர்ப்பார்.

ரயிலில் போகிறவர்கள், படகில் இருப்பவர்கள், சத்திரத்தில் படுத்திருப்பவர்கள், துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் தனி ஏற்பாடு இருந்தது. ராத்திரியில் போக முடியாத காட்டு மலைப் பகுதிகளை மட்டும் பகலில் எண்ணினார்கள். நமது மாகாணத்தில் கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மாவட்டங்களின் ஏஜென்சி மலைகள் அந்த வகையில் வந்தன.

இனி அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மொத்தம் 16 கட்டங்கள். வீட்டு எண், வரிசை எண், பெயர், மதம், ஆணா பெண்ணா, மணமானவரா ஆகாதவரா கைம்பெண்ணா, வயது, சாதி அல்லது இனம், முக்கியத் தொழில், உபதொழில், சம்பாதிக்காதவர் என்றால் யாருடைய சம்பாத்தியத்தில் வாழ்கிறார், பிறந்த ஜில்லா, வீட்டில் பேசும் மொழி, எழுதப் படிக்கத் தெரியுமா, இங்கிலீஷ் தெரியுமா. பதினாறாவது கட்டத்தில் மனநிலை பிறழ்ந்தவர், பிறவியிலேயே செவிடும் ஊமையுமானவர், இரு கண்ணும் தெரியாதவர், தொழுநோயாளி.

வயதுக் கட்டம் மிகவும் பாடு படுத்தியது. பிறந்த தேதி தெரிந்தவர்கள் அன்று அபூர்வம். தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தையாக இருந்தேன் என்று ஒருவர் சொன்னால், எழுதுகிறவர் மனக்கணக்குப் போட்டு 35 என்று எழுதுவார். 34 என்றோ 36 என்றோ எழுத அவருக்கு ஆதாரம் எதுவும் இல்லை. இதனால் 0-விலும் 5-இலும் முடியும் வயதுகளில் ஜனங்கள் குவிந்து கிடந்தார்கள். அவற்றுக்கு இடைப்பட்ட வயதுகளில் ஆள் குறைவு. இந்தக் குவியலைச் சமன் செய்து, நம்பத்தக்க ஆயுள் அட்டவணை தயாரிக்க ஆக்லண்ட் என்ற காப்பீட்டுக் கணித வல்லுநரின் உதவியை நாட வேண்டியதாயிற்று.

படிப்புக் கட்டத்துக்கு இந்த முறை ஒரு தெளிவான அளவுகோல் வைத்தார்கள். நண்பருக்கு ஒரு கடிதம் எழுதவும், அவர் எழுதும் பதிலைப் படிக்கவும் முடிந்தால் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்தவர். வேறு சோதனை இல்லை. அதில் தேறியவர்கள் இந்தியா முழுவதும் ஆயிரத்துக்கு 59 பேர். ஆண்களில் ஆயிரத்துக்கு 106. பெண்களில் ஆயிரத்துக்கு 10. அரசு, கல்வி, ரயில், தபால் என்று நூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட ஒரு நிர்வாகம் தன் கைப்பட எழுதி அச்சிட்ட எண் இது. இதற்கு மேல் ஒரு குற்றப்பத்திரிகை வேண்டியதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது கட்டத்தில் பெயர். அன்னியன் ஒருவனிடம் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லத் தயங்கிய குடும்பங்கள் நாடெங்கும் இருந்தன. அப்படித் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், ‘பெண்’ என்று மட்டும் எழுதினால் போதும் என்று கணக்கெடுப்பாளருக்கு விதி இருந்தது. அவளுடைய வயது, மதம், சாதி, கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதெல்லாம் காகிதத்தில் ஏறியது. பெயர் மட்டும் ஏறவில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 2 இரவு பிரிட்டனில் கணக்கெடுப்பு நடந்தது. வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் அங்கே அதைப் புறக்கணித்தார்கள். எங்களுக்கு ஓட்டு இல்லை என்றால் எங்களை எண்ணவும் வேண்டாம் என்று இரவெல்லாம் வீட்டைவிட்டு வெளியே இருந்தவர்கள் பலர். எமிலி வைல்டிங் டேவிசன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடியிலுள்ள தேவாலயத்தில், ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். தன் வசிப்பிடம் நாடாளுமன்றம் என்று பதிவாக வேண்டும் என்பது அவர் எண்ணம். மூன்று வாரத்துக்கு முன்பு இங்கே பெயர்கூட எழுதப்படாமல் எண்ணப்பட்ட பெண்களுக்கு மறுக்கவும் ஒரு வழி இருக்கவில்லை.

எட்டாவது கட்டம்தான் இந்தத் தொடரின் உயிர்நாடி. சாதி.

1901-இல் சாதிகளை வரிசைப்படுத்திய ரிஸ்லியின் வேலை பத்தாண்டு கழித்துப் பலன் தந்தது. சர்க்கார் புத்தகத்தில் எந்த இடத்தில் எந்தப் பெயரில் இருக்கிறோம் என்பது பிள்ளைகளின் படிப்பிலும் உத்தியோகத்திலும் கோயில் வழக்கிலும் போய் நிற்கும் என்பதை ஜனங்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள். சங்கங்கள் எழுந்தன. வம்ச வரலாறுகள் எழுதப்பட்டன. மனுக்கள் பறந்தன. வங்காளத்தில் 1911 கணக்கெடுப்பை நடத்திய ஓ’மாலி, தமக்கு வந்த சாதி மனுக்களின் எடை மட்டும் ஒன்றரை மணங்கு இருந்ததாகத் தம் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். ஐம்பது கிலோவுக்கும் மேலான காகிதம். கணக்கெடுப்பின் நோக்கம் தலைகளை எண்ணுவதல்ல, எந்தச் சாதி உயர்ந்தது என்று தீர்மானிப்பதுதான் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள் என்பது அவருடைய குறை. அப்படி நினைக்க வைத்தது யார் என்பதை அவர் துறையின் 1901 அறிக்கையைப் படித்தாலே தெரிந்துகொள்ளலாம்.

நம் பக்கம் இந்த மனுப் போராட்டம் இன்னும் பழையது. வன்னியர்கள் தங்களை க்ஷத்திரியர் என்று பதிய வேண்டும் என்று 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் போதே மனுப் போட்டவர்கள். நாடார்களின் கதை 1911-ஐ ஒட்டி மிக இறுக்கமான கட்டத்தில் இருந்தது. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததால் தொடங்கிய வழக்கு, கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அவர்களுக்கு எதிராக முடிந்தது. இடையில் 1899-இல் சிவகாசிக் கலவரம். சட்டத்தின் வாசல் அடைபட்ட பிறகு, 1910-இல் பொறையாறு ரத்தினசாமி நாடார் முன்னின்று நாடார் மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். ‘சாணார்’ என்று அதுவரை சர்க்கார் ஏடுகளில் இருந்த பெயர் போய் ‘நாடார்’ என்று ஏறியது அடுத்த கணக்கெடுப்பின் காலத்தில், 1921-இல். ஒரு சமூகம் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம், எத்தனை உயிர் செலவாயிற்று என்பதைக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் தேடினால் கிடைக்காது.

மேல் வருணத்துக்குள் இடம் கேட்டவர்கள் இவர்கள். அந்த வரிசையே வேண்டாம் என்ற குரலும் சென்னை இராயப்பேட்டையிலிருந்து எழுந்தது. பண்டிதர் அயோத்திதாசர் 1881-இலேயே தம் மக்களைப் ‘பூர்வத் தமிழர்’ என்று பதியக் கேட்டவர். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கி, பிறகு ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கிய வார இதழை நடத்தினார். 1911 கணக்கெடுப்பு நெருங்கிய நாட்களில், பறையர் என்ற பெயரை ஏற்காதீர்கள், பூர்வ பௌத்தர்கள் என்றும் சாதிபேதமற்ற திராவிடர்கள் என்றும் சொல்லுங்கள் என்று அந்த இதழில் வற்புறுத்தினார். வீட்டு வாசலில் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் ஊர்க் கர்ணம். மேல்சாதிக்காரர். சேரிக்காரர் ஒருவர் அவர் முகத்தைப் பார்த்து, நீங்கள் சொல்லும் பெயர் என் பெயரல்ல என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! சொன்னவர் சொன்னதெல்லாம் அப்படியே எழுதப்பட்டது என்று நம்புவதும் கடினம். என் மதிப்பில், 1911 கணக்கெடுப்பைப் பற்றித் தமிழில் எழுந்த மிக ஆழமான அரசியல் சிந்தனை அயோத்திதாசருடையதுதான். தன்னை என்ன பெயரிட்டு அழைக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிப்பது குடிமையின் முதல் உரிமை என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

நான்காவது கட்டமான மதத்திலும் அந்த ஆண்டு தீப்பிடித்தது. 1909-இல் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள் தந்துவிட்டது. எண்ணிக்கைக்கு அன்று முதல் அரசியல் விலை வந்தது. இந்துக்கள் என்று எண்ணப்படுகிறவர்களில் உண்மையில் இந்துக்களே அல்லாதவர்களை ஏன் சேர்க்கிறீர்கள் என்று 1906-இலேயே ஆகாகான் தலைமையிலான தூதுக்குழுவின் மனுவில் கேள்வி எழுந்திருந்தது. 1910 ஜூலையில் கெய்ட் மாகாணப் பொறுப்பாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இந்துக்கள் என்று பதிவானாலும் சில அடையாளங்கள் உள்ள சாதிகளைத் தனியே பட்டியலிடச் சொன்னது அது. பிராமணர்களின் மேலாண்மையை ஏற்காதவர்கள், வேதத்தின் அதிகாரத்தை மறுப்பவர்கள், பெருந்தெய்வங்களை வணங்காதவர்கள், நல்ல பிராமணர் புரோகிதம் செய்ய வராதவர்கள், கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர்கள், தொட்டாலோ கிட்ட வந்தாலோ தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள், பிணத்தைப் புதைப்பவர்கள், மாட்டுக்கறி உண்பவர்கள் உட்படப் பத்து அடையாளங்கள்.

பத்திரிகைகள் கொதித்தன. இந்துக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் சதி என்றார்கள். கெய்ட் கடைசியில் எண்ணிக்கையில் கை வைக்கவில்லை; அவரவர் சொன்ன மதமே பதிவாயிற்று. ஆனால் அந்தப் பத்து அடையாளங்கள் பற்றி வந்த பதில்கள் அச்சேறின. மத்திய மாகாணங்கள்–பேராரில் இந்துக்கள் என்று பதிவானவர்களில் கால் பங்கினர் பிராமண மேலாண்மையையும் வேத அதிகாரத்தையும் ஏற்காதவர்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குக் கோயிலில் நுழைய இடமில்லை. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத மக்களைத் தங்களவர் என்று உரிமை கொண்டாட மேல்சாதித் தலைவர்கள் அவசரமாக முன்வந்தது இதற்குப் பிறகுதான். கெய்ட் சுற்றறிக்கைதான் வைதிகர்களை உலுக்கி எழுப்பியது என்று லாலா லஜபதி ராயே எழுதியிருக்கிறார். அம்பேத்கர் பின்னாளில், தீண்டாமைக்கு உள்ளானவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து எண்ணிய முதல் முயற்சியாக இந்த 1911 அளவுகோல்களைக் காட்டினார். 1936-இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணைக்குப் பின்னால் இருக்கும் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

இரவு முடிந்தது. எண்ணியதைக் கூட்ட வேண்டுமே. கிராமத்துக் கூட்டல் தாலுகாவுக்கும், தாலுகாக் கூட்டல் ஜில்லாவுக்கும், அங்கிருந்து தந்தியில் மேலேயும் போனது. பத்து நாட்களுக்குள் மொத்தத் தொகை அச்சில் வந்துவிட்டது. அந்த வேகம் உண்மையிலேயே மெச்சத்தக்கது. பிறகு நிதானமான வேலை. அமெரிக்காவில் 1890 முதலே துளையிட்ட அட்டைகளை மின்பொறி எண்ணிக்கொண்டிருந்தது. 1911-இல் பிரிட்டனும் அதற்கு மாறிவிட்டது. இந்தியாவில் மனிதக் கைகளின் கூலி இயந்திரத்தைவிட மலிவு. ஓர் ஆளுக்கு ஒரு சீட்டு. சீட்டின் நிறம் மதத்தைச் சொல்லும். அதில் அச்சிட்ட குறி ஆண், பெண், மணநிலையைச் சொல்லும். இந்தச் சீட்டுகளைப் புறாக்கூடு போன்ற சிறு அறைகள் கொண்ட சட்டங்களில் பிரித்துப் போட்டு, எண்ணி, மறுபடி வேறு வகையில் பிரித்துப் போட்டு எண்ணினார்கள். ஒரு மனிதனுக்கு ஒரு சீட்டாக 31 கோடிச் சீட்டுகள்!

முடிவான தொகை 31,51,56,396. 1901-இல் 29,43,61,056. பத்தாண்டில் நூற்றுக்கு ஏழு அளவு உயர்வு. அதிலும் கொஞ்சம் புதிதாகக் கணக்கில் சேர்ந்த பகுதிகளால் வந்தது. அந்தப் பத்தாண்டில் பிளேக் மட்டும் கொண்டுபோனது 65 லட்சம் உயிர்களை ஒட்டி வரும். சென்னை நகரில் 5,18,660 பேர். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளையும் பட்டறைகளையும் தனியாக எண்ணியது இந்த முறைதான் முதல் தடவை.

அதே மார்ச் 10-ஆம் தேதி இலங்கையிலும் கணக்கெடுத்தார்கள். அங்கே 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்தியவர் நம்மவர், சர் பொன்னம்பலம் அருணாசலம். 1911-இல் ஈ. பி. டென்ஹாம் வந்தார். 1901 வரை தமிழர் என்று ஒரே தலைப்பில் இருந்தவர்களை அவர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்துப் பதிந்தார். முன்னவர் சுமார் 5,28,000; பின்னவர் சுமார் 5,31,000. தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களைத் தனியே தெரிந்துகொள்ளும் நிர்வாக வசதிக்காக இட்ட கோடு என்று சொல்லிக்கொள்ளலாம். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். தேயிலைத் தோட்ட மக்களின் துயரத்தை எழுதுகிறவர்கள் 1948-இலிருந்து தொடங்குகிறார்கள். 1911-இலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

அயர்லாந்தில் அதே 1911-இல் ஒவ்வொரு வீட்டுக்கும் நிரப்பிய தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. யாரும் இணையத்தில் தேடித் தங்கள் கொள்ளுப்பாட்டன் போட்ட கையெழுத்தையே பார்க்கலாம். பிரிட்டனின் தாள்களும் அப்படியே. இந்தியாவில் அட்டவணைகள் தயாரானதும் வீட்டுத் தாள்களை அழித்துவிட்டார்கள். கறுப்பும் சிவப்புமாக எழுதிய நம் முன்னோர் வரிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பவை அறிக்கைத் தொகுதிகளும், ஆவணக் காப்பகக் கோப்புகளும், சங்கங்கள் அச்சிட்டு அனுப்பிய மனுக்களும், அவற்றுக்காக எழுதப்பட்ட சிறு நூல்களும் மட்டுமே. இவற்றுள் நம் மக்களின் சொந்தக் குரல் கேட்பது கடைசி இரண்டில்தான். அவற்றில் சொல்லப்பட்ட புராணங்களை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எழுதியவர்களின் கோபமும் ஆசையும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1931-க்கு முற்பட்ட சாதிச் சங்க மனுக்கள், மாநாட்டுத் தீர்மானங்கள், மகாநாட்டு மலர்கள், வம்ச வரலாற்றுச் சிறு நூல்கள் உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர் உறவின்முறைப் பெட்டியிலோ இருந்தால், பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். 1931-க்குப் பிறகு இந்தியாவில் சாதி முழுமையாக எண்ணப்பட்டு அட்டவணையாக வெளிவரவில்லை. 2027 கணக்கெடுப்பில் அந்தக் கேள்வி மீண்டும் வருவதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. முன்பு அந்தக் கேள்விக்கு நம் ஊர்களில் என்ன பதில் சொன்னார்கள் என்பதை அறிய இந்தக் காகிதங்கள் நமக்கு வேண்டும்.

அடுத்த அத்தியாயம் 1921. இன்றைய இந்திய எல்லைக்குள் மக்கள்தொகை முந்தைய பத்தாண்டைவிடக் குறைந்த ஒரே கணக்கெடுப்பு அது.